போதையை விட்டவருக்கு மீண்டும் ஆசை வந்தால்: இலவசச் சிகிச்சையை எப்படிப் பெறுவது?

குடியையோ ஹெரோயினையோ ஐஸ் என்ற போதைப்பொருளையோ விட நினைப்பவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். இது பலருக்குத் தெரியும். ஆனால் விட்டு மூன்று மாதம் கழிந்து, நல்லூர்த் திருவிழாவில் பழைய கூட்டாளியைக் கண்டதும் நெஞ்சு படபடத்து நாக்கு வறளும்போதும் அதே கிளினிக்குக்குப் போகலாம் என்பது தெரிவதில்லை. வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

போதைப்பொருள் மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள இரசாயனத்தை வழமைக்கு மேல் சுரக்க வைக்கிறது. அந்த இன்பம் கிடைத்த இடம், மணம், ஆட்கள், நேரம் எல்லாவற்றையும் மூளை சேர்த்துப் பதிந்துகொள்ளும். தவறணைப் பக்கம் சைக்கிள் போனாலே ஆசை கிளம்புவது அதனால்தான். மனவுறுதி இல்லாதவன் என்று திட்டுவதால் இந்தப் பதிவு அழியாது. கலியாணம் கட்டி வைத்தால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையும் அப்படித்தான், கூடவே ஒரு பெண்ணின் வாழ்க்கையும் மாட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, தெல்லிப்பழை, மந்திகை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, விசயத்தைச் சொன்னால் அங்கே அனுப்புவார்கள். ஆட்களுக்கு முன்னால் சொல்லக் கூச்சமென்றால் ‘நித்திரை வருவதில்லை’ என்று தொடங்கினாலும் சரி, டொக்டரிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டும் போகலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, மனநல உதவிக்கான 1926 ஆகிய இலக்கங்களுக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். அந்தச் சபைக்குத் தலங்கம, கண்டி போன்ற இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களும் உண்டு. இங்கிருந்து தூரம்தான்.

பொலிஸ் பயம் வேறு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளுக்கு அடிமையானவர் சிகிச்சைக்கு வர இரண்டு வழி வைத்திருக்கிறது. தானாக விரும்பி வருவது ஒன்று. மருத்துவ அறிக்கையைப் பார்த்து நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்புவது மற்றது. கந்தகாடு என்ற அரச புனர்வாழ்வு நிலையத்தின் பேர் அடிபடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான். ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லைக் கேட்டாலே, 2009இல் போர் முடிந்ததும் ஆட்களைப் புனர்வாழ்வு முகாம்களில் தடுத்து வைத்த நினைவு இங்கே வருவது நியாயம்தான். ஆனாலும் தானாகக் கிளினிக்குக்குப் போவதும் நீதிமன்றம் அனுப்புவதும் ஒன்றல்ல. இரண்டாவது வழி வருமுன் முதலாவதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஒன்றில் மட்டும் கவனம். நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். அவரை வாட்டில் வைத்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

இனி ஆசை எழும்பும் நேரம். அது அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அதனால் ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்று சபதம் எடுக்காமல் அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் கடத்துங்கள். ஒரு பிளேன்டீ குடிக்கலாம், கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்க்கலாம், விசயம் தெரிந்த ஒருவருக்குப் போன் எடுத்துக் கதைக்கலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு இருக்கும் நேரத்தில் அலை உயரமாக வரும். பின்னேரம் வேலை முடிந்து வெறும் வயிற்றோடு திரும்பும் வழிதான் பலருக்கு ஆபத்து, அந்த வழியை மாற்றுங்கள். கையில் காசு நிறைய வைத்திருக்கவும் வேண்டாம்.

தவறி ஒருநாள் பாவித்துவிட்டால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் கிளினிக் கொப்பியோடு போய்ச் சொல்லுங்கள். ஹெரோயின் பாவித்தவர் வீட்டில் இருந்தால் இதையும் தெரிந்துவைத்திருங்கள்: கொஞ்சநாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, தட்டியும் எழும்பவில்லையென்றால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்கும் காசில்லை.