பத்துக்கு எட்டு போரில் தண்ணி வந்தால்

பல்லடம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்க ஊருல தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்கறவர் ஒருத்தர் இருக்காருங்க. அவர் பாயின்ட் சொன்ன 10 போர்ல 8-ல தண்ணி வந்துருச்சு. இதுக்கு மேல என்னங்க சோதனை வேணும்?"

உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் ஓரிடத்தில் விருட்டென்று எழுந்து நிற்பதைப் பார்க்காத தோட்டக்காரர் கொங்கு நாட்டில் குறைவு. தேங்காய் ஏன் எழுகிறது என்பதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைய விஷயம் அந்த 8.

பூவா தலையா போட்டால் 10-க்கு 8 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு 1024-ல் 56, சுமார் 5.5%. அப்படிப் பார்த்தால் ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் போர் பூவா தலையா இல்லை. நம் மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப்பாறை. தண்ணி நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும். ரிக் வண்டியை எங்கே நிறுத்தினாலும் 10-க்கு 7 போரில் தண்ணி வரும் ஊர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் எந்தத் திறமையும் இல்லாதவருக்கே 10-க்கு 8-க்குக் குறையாமல் கிடைக்க 38% வாய்ப்பு உண்டு. அசத்தல் அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

"இவருக்குத் தனித் திறமை இல்லை, எல்லாம் ஊர் நிலவரம்" என்று தொடங்குவதுதான் இன்மைக் கருதுகோள். தற்செயலாக வர அரிதான விளைவு கிடைத்தால் அதைக் கைவிடுகிறோம். எவ்வளவு அரிது? வழக்கமாக 5%-க்குள். இதில் இரண்டு விதமாகத் தவறலாம். திறமை இல்லாதவரை இருக்கிறது என்று தூக்கிப் பிடிப்பது முதல் வகைப் பிழை. உண்மையான திறமைசாலியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது இரண்டாம் வகை. இப்படிப் பிரித்து, இரண்டையும் சேர்த்து எடைபோடும் முறையை ஜெர்சி நெய்மன், எகான் பியர்சன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1933-ல் எழுதிய கட்டுரையில் வகுத்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நம் ஊரில் 10-க்கு 9 என்றாலும் போதாது. தற்செயலாக 9 அல்லது 10 வரும் வாய்ப்பு 15%. ஆகவே 10-க்கு 10 அடித்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று கறாராக இருக்கிறோம். முதல் வகைப் பிழை 2.8%-க்கு இறங்கிவிடும். சந்தோஷம். ஆனால் நிஜமாகவே 90% சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் வந்தால்? அவர் பத்தும் அடிக்கும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது: 35%. அப்படிப்பட்ட மூன்று பேரில் இரண்டு பேரை "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவோம்! சரி பாவம் என்று விதியைத் தளர்த்தினால் போலிகள் உள்ளே வருவார்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் பிதுங்குகிறது.

இரண்டையும் ஒன்றாகக் குறைக்க நேர் வழி எண்ணிக்கையைக் கூட்டுவது. 10 போருக்குப் பதில் 40, தேறுவதற்கு 34. திறமையில்லாதவர் தேறும் வாய்ப்பு 2.4%, ஏறக்குறைய பழைய கறார்தான். ஆனால் 90% திறமைசாலி தேறும் வாய்ப்பு 35%-லிருந்து 90%-க்குத் தாவிவிடுகிறது. மண் அதே, ஆள் அதே, கறாரும் அதே. எண்ணிக்கை மட்டும் நாலு மடங்கு. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதில்லை.

அதனால்தான் பத்து இருபது பேரை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு நிதியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் "பலன் தெரியவில்லை" என்று வந்தால், பலன் இல்லையா, பார்க்கத்தான் ஆள் போதவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பத்துக்குப் பதில் ஒன்று நடத்தட்டும், உருப்படியாக.

கைராசி விவகாரத்துக்கு வருவோம். 2.8% சின்ன எண்தான். ஆனால் ஜில்லா முழுக்க 100 பேர் நீரோட்டம் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் திறமை இல்லை, ஆளுக்கு 10 போர் என்றாலும், சுமார் மூன்று பேர் பத்துக்குப் பத்து அடித்துவிடுவார்கள். ஊர் பேசுவது அந்த மூன்று பேரைத்தான். வெறும் புகை பறந்த போரைப் பற்றிக் கல்யாண வீட்டில் யார் பேசுகிறார்கள்?

ஜெர்மனியில் இது பெரிய அளவிலேயே நடந்தது. 1987-88-ல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களிடம் அது எங்கே இருக்கிறது என்று மேல்தளத்திலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சுமார் 500 பேரில் பொறுக்கியெடுத்த 43 பேர், 843 சோதனைகள். பெரும்பாலோர் தேறவில்லை, ஆனாலும் ஆறு பேருக்கு நிஜத் திறமை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 43 பேரை நிறுத்தி, முடிவு வந்தபிறகு முன்னால் நிற்கும் ஆறு பேரைக் காட்டினால் என்ன அர்த்தம்? ஜிம் என்ரைட் என்ற அறிவியலாளர் பின்னாளில் அதே தரவைப் புரட்டிப் பார்த்தார். ஒரு சுற்றில் ஜொலித்தவர்கள் அடுத்த சுற்றில் ஜொலிக்கவில்லை.

பல்லடத்து வாசகருக்கு: உங்கள் ஊர் ரிக் ஏஜென்ட்டிடம் பழைய கணக்கு நோட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். பாயின்ட் பார்த்துப் போட்டது, பார்க்காமல் போட்டது எல்லாம் அதில் இருக்கும். நோட்டைத் திறக்கும் முன்பே எத்தனை அடிக்குள் எத்தனை இஞ்சு வந்தால் "தண்ணி வந்தது" என்று எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் பார்க்காமல் போட்ட போரில் 10-க்கு எத்தனை என்று எண்ணுங்கள். நான் சும்மா வைத்த 7-க்குப் பதில் போட வேண்டிய எண் அதுதான். அவர் பாயின்ட் சொன்ன போர் 40 தேறினால் சொல்லுங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம்.