கல் இருந்தாலே பித்தப்பையை எடுத்துவிட வேண்டுமா?

ஈரோட்டிலோ திருப்பூரிலோ முழு உடல் பரிசோதனைக்குப் போனவர்களில் சிலர் ஒரு புதுக் கவலையோடு வீடு திரும்புகிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பித்தப்பையில் கல்’ என்று எழுதியிருக்கும். அதுவரை வயிற்றில் சின்ன வலிகூட வந்திருக்காது. “ஏனுங்க, கல்லு இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க, உடனே ஆபரேசன் பண்ணோணுங்களா?” என்று கேட்டால், வலியே இல்லாதவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் பதில். ஆனால் அதே கல் ஒருமுறை வலி கொடுத்துவிட்டால் பதில் மாறிவிடும்.

கல்லீரல் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. எண்ணெயும் நெய்யும் செரிக்க அது வேண்டும். சாப்பாடு இல்லாத நேரத்தில் வரும் பித்தநீரை வாங்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்திருப்பது பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். கிடா விருந்தில் நாம் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும், கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். உடனே பித்தப்பை சுருங்கி, சேர்த்து வைத்ததைக் குடலுக்குள் தள்ளும்.

பித்தநீரில் கொலஸ்டிராலும் கரைந்திருக்கிறது. அதன் அளவு மிஞ்சினாலோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, கொலஸ்டிரால் படிகமாகிக் கல்லாக வளரும். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் சேர்ந்த கருநிறக் கற்களும் உண்டு. பட்டினி கிடந்து மளமளவென்று எடை குறைப்பவர்களுக்கும் கல் உருவாகலாம்.

பைக்குள் சும்மா கிடக்கும் கல் வலிக்காது. பை சுருங்கும்போது கல் அதன் வாயில் போய் அடைத்துக்கொண்டால்தான் வலி. ராத்திரி கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்தவருக்கு, மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ இறுக்கிப் பிடிக்கும். வலது தோள்பட்டைக்குப் பின்னால்வரை போகும். எப்படிப் புரண்டு படுத்தாலும் விடாது. சோடா குடித்தாலும் கேட்காது. அரை மணி முதல் சில மணி நேரம் இருந்துவிட்டு, கல் விலகியதும் அடங்கிவிடும். காலையில் எழுந்து ‘வாயுப்பிடிப்பு’ என்று சொல்லித் தோட்டத்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மாரடைப்பும் இப்படி மேல்வயிற்று வலியாக வரலாம். அதனால் இப்படி முதல்முறை வலி வந்தால் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முடிவெடுக்க இந்த வலிதான் அளவுகோல். வலியில்லாத கல் உள்ள 100 பேரில், ஆண்டுக்கு ஒருவர் அல்லது இரண்டு பேருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. ஆபரேஷனிலோ, அரிதாக என்றாலும், பித்தநாளத்தில் காயம்படும் ஆபத்து உண்டு. ஆயிரத்தில் சிலருக்கு அப்படி நேர்கிறது. சும்மா கிடக்கும் கல்லுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது. கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பித்தப்பையில் 1 சென்டிமீட்டருக்கு மேல் சதை வளர்ந்திருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ கதை வேறு. புற்றுநோய் வாய்ப்பைக் கருதி, வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள்.

வலி ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். பித்தப்பை அழற்சி, மஞ்சள் காமாலை, கணைய அழற்சி எல்லாம் அடுத்து நிற்கும். அப்போது தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் இவை மட்டும் இருந்தால் காரணம் கல்லாக இல்லாமல் போகலாம். அதை நம்பிப் பையை எடுத்தவர்களில் பலருக்கு அதே உப்புசம் தொடர்கிறது. எந்தத் தொந்தரவு போகும், எது போகாது என்று சர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நம் பக்கம் கல் என்றதும் வாழைத்தண்டுச் சாற்றைத்தான் நீட்டுவார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லிவந்த வைத்தியம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. சாறு எவ்வளவு குடித்தாலும் இந்தக் கல் அந்த வழியில் வெளியேறாது. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளும் கல் அல்ல, குடலில் எண்ணெய் சோப்பாகித் திரண்டவை. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை சின்னக் கொலஸ்டிரால் கற்களை மெதுவாகக் கரைக்கும். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் பலருக்குக் கல் திரும்ப வரும்.

கல்லை மட்டும் எடுத்தாலும் அதே பையில் மறுபடி உருவாகும். அதனால்தான் பையையே எடுக்கிறார்கள். 1985-ல் ஜெர்மனியின் சர்ஜன் எரிக் மூஹே, சின்னத் துளை வழியே உள்ளே பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் கருவி மூலம் இதை முதன்முதலில் செய்தார். இந்தியாவில் 1990-ல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா செய்தார். இன்று நான்கு சின்னத் துளைகள் போதும். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பை போனபின் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு வந்துகொண்டிருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும். எண்ணெய்ப் பண்டத்தை அளவாக வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதெல்லாம் யோசிக்க நேரம் உள்ளவர்களுக்கு. வலி விடாமல் இருந்து, கூடவே குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலியோடு வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.