ஏர் ஸ்க்ரூ மைலேஜ் ஸ்க்ரூ அல்ல, தம்பி

போன ஞாயிறு மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் காட்ரோடு பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து கடை வாசலில் நின்றது. பின்னால் ஓர் ஆர்எக்ஸ் 100, பழைய யமஹா பைக், சாய்த்துக் கட்டியிருந்தார்கள். கூடவே முழங்கையில் கைக்குட்டை சுற்றிய ஒரு பையன். "அண்ணே, ஓடிட்டே இருந்துச்சு, திடீர்னு லாக் ஆயிருச்சு" என்றான். கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. என்ன செய்தாய் என்று கேட்கவே தேவையில்லை. குனிந்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைப் பார்த்தால், அந்தக் கலவையைச் சரிசெய்கிற சின்னத் திருகான ஏர் ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல், பித்தளை பளபளவென்று தெரிகிறது. உள்ளே திருகிக்கொண்டே எண்ணினேன். மூன்றே முக்கால் சுற்று. ஒன்றரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

இந்த சீசனில் மட்டும் இது மூன்றாவது வண்டி. வத்தலக்குண்டில் கடை வைத்திருப்பவனுக்கு இது ஒரு சாபம். மலைக்கு ஏறும்போது சிரித்துக்கொண்டே நம் கடையைத் தாண்டிப் போகிற வண்டிகள், இறங்கும்போது ஆட்டோவில் வருகின்றன.

நடந்தது இதுதான். அப்பாவின் வண்டி, வீட்டில் பத்து வருடமாகச் சும்மா நின்றது, பையன் ஆசைப்பட்டுத் தயார் செய்து கொடைக்கானலுக்கு எடுத்துப் போயிருக்கிறான். மேலே போனதும் வண்டி மூச்சு முட்டியிருக்கிறது, இழுவை இல்லை, ப்ளக் கறுப்பாகியிருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்துவிட்டது என்று கார்புரேட்டருக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் பழைய ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் துளையில், பெட்ரோலை விடுகிறது, கலவை ரிச் ஆகிறது, பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. கூட வந்த நண்பன் போனில் எதையோ பார்த்துவிட்டு ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்துவிட்டான். வண்டி ஆக்சிலேட்டர் கொடுக்காமலே அருமையாக ஐடிலிங் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். அதே செட்டிங்கோடு கீழே இறங்கினார்கள். திருப்பி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை தெரியுமா? "லீனா இருந்தா மைலேஜ் தரும்ணே, அதான் அப்படியே விட்டுட்டோம்."

லீன் என்றால் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை. இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஸ்க்ரூ மைலேஜுக்காக வைத்த ஸ்க்ரூ அல்ல. ஸ்லோ ஜெட் வழியாகப் போகிற கலவையை மட்டும் அது சரிசெய்கிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும், அதிகபட்சம் கால்வாசி திருகும் வரையிலும்தான் அதன் ஆட்சி. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதாவது நீடில்தான் கணக்கு. அதற்கு மேலே மெயின் ஜெட். ஐம்பதில் சீராகப் போகும்போது உங்கள் பெட்ரோலில் பெரும்பகுதி நீடில் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் ஏர் ஸ்க்ரூவைத் திருகி மைலேஜ் தேடினால் சமையலறையில் ஒழுகும் குழாய்க்கு மொட்டைமாடி டேங்கின் மூடியை இறுக்குவது போலத்தான்.

சரி, ஊருக்குள் கால்வாசி ஆக்சிலேட்டரில்தானே ஓட்டுகிறோம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பெட்ரோலைக் குறைத்தால் இழுவையும் குறையும். இழுவை குறைந்தால் உங்கள் கை தானாகவே ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் திருகும், கியரைக் குறைக்கும், போன மாதம் மூன்றாவது கியரில் ஏறிய பாலத்தில் இந்த மாதம் இரண்டாவதில் ஏறுவீர்கள். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விட்டது. இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே போகிற பெட்ரோல் எரிவதற்கு மட்டுமில்லை, ஆவியாகும்போது என்ஜினைக் குளிர்விக்கவும் செய்கிறது. கலவை லீன் ஆனால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு வெந்து, மெதுவாகச் சாகும். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் என்றால் காத்திருக்காது.

அதிலும் இந்தப் பையனுடைய வண்டி மாதிரி ஆயில் பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் பிஸ்டனுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடு சேர்ந்துதான். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலையும் குறைத்துவிட்டீர்கள். பெருமாள்மலையிலிருந்து ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே வருவதோ ஸ்லோ ஜெட்டின் கசிவு மட்டும், அதிலும் பாதியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். இப்படி முக்கால் மணி நேரம் இறங்கி, காட்ரோடு தாண்டி சமதளத்தில் வெயிலில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிஸ்டன் என்ன செய்யும் பாவம்.

அன்று மாலை சிலிண்டரைத் தூக்கி அந்தப் பையனையே பார்க்க வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் அலுமினியம் உருகி இழுபட்டு, கோடு கோடாகத் தேய்ந்திருந்தது, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. சிலிண்டர் சுவரில் அவன் விரலை வைத்து மேலும் கீழும் தேய்க்கச் சொன்னேன். நகம் மாட்டியது. நகம் மாட்டினால் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பின் சக்கரம் லாக் ஆனபோது பின்னால் பஸ் எதுவும் வரவில்லை என்பதுதான் அன்றைய அதிர்ஷ்டம். முழங்கையோடு போயிற்று.

டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து எடுங்கள். பழைய ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் செய்வார்கள்.

அடுத்த குழப்பம், எந்தப் பக்கம் திருகுவது. வீடியோவில் ஒருவர் "வெளியே எடுத்தா ரிச்" என்பார், இன்னொருவர் "வெளியே எடுத்தா லீன்" என்பார். இரண்டு பேரும் சரிதான், வண்டிதான் வேறு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே எடுத்தால் லீன். ஆர்எக்ஸ் 100, மிக்கார்ப் கார்புரேட்டர் போட்ட பழைய புல்லட் எல்லாம் இப்படி. ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளக்கிறது, வெளியே எடுத்தால் ரிச். பிற்காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் இந்த வகைதான். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். ஐடிலிங் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை ஏர் ஸ்க்ரூ என்று நினைத்துத் திருகிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களால் பெரிய சேதம் இல்லை.

"டைட்" வைப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அது தனி. ஸ்க்ரூவின் முனை பென்சில் முனை மாதிரி கூர்மை. அதை முழு பலத்தோடு உள்ளே இறுக்கினால் முனையைச் சுற்றி மோதிரம் போட்டது மாதிரி ஒரு பள்ளம் விழும், இல்லையென்றால் முனையே உடைந்து துளைக்குள் உட்கார்ந்துவிடும். என் மேஜை டிராயரில் அப்படி உடைந்த ஸ்க்ரூ ஒரு டப்பா நிறைய இருக்கிறது. கார்புரேட்டர் பாடியையே தூக்கிப் போட வேண்டி வரும். இரண்டு விரலால் திருகுங்கள், தொட்டு நின்றதும் நிறுத்துங்கள். அவ்வளவுதான் பலம்.

ட்யூனிங் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வையுங்கள். ஆனால் அதற்கு முன் ஏர் ஃபில்டர் சுத்தமா, ப்ளக் இடைவெளி சரியா, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் டேப்பட் (வால்வு இடைவெளி) சரியா, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னிடம் ட்யூனிங்குக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு ட்யூனிங்கே தேவைப்படாது, வெடித்த ரப்பரை மாற்றினால் போதும். வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சுகிற வண்டியை ஏர் ஸ்க்ரூவால் சரிசெய்வது முடியாத காரியம்.

பத்து நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள், மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன யாருக்கும் நினைவிருந்ததில்லை. ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, கால் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொறுத்து, என்ஜின் எங்கே வேகமாகச் சுற்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள், ஸ்லோ ஸ்பீடைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு துளி ரிச் பக்கம் வையுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொடுத்து விட்டுப் பாருங்கள். சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால் லீன். தேவைக்குக் கீழே விழுந்து, அணையப் பார்த்து, திரும்ப எழுந்தால் ரிச். இறக்கத்தில் சைலன்சரில் டப் டப் என்று வெடித்தாலும் முதலில் லீன் என்றே சந்தேகப்படுங்கள்.

இதை ஷட்டரை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். மழை, கொசு, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், எந்தக் காரணமும் வேண்டாம். ஐடிலிங்கில் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது, தலைவலி வரும்போதே தாமதமாகியிருக்கும். தயவுசெய்து வாசலுக்குத் தள்ளி வந்து செய்யுங்கள்.

புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும் முன் லீன் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி, அதற்குப் பிந்தைய பழைய வண்டிகளுக்கு 3.5. ஒழுங்காக ட்யூன் செய்த வண்டி அதற்குள் சாதாரணமாக வரும். வரவில்லையென்றால் வேறு கோளாறு இருக்கிறது, ஸ்க்ரூவால் அதை மறைத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டு அப்படியே ஆறு மாதம் ஓட்டினால் மேலே சொன்ன கதைதான்.

இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் அதே அளவு ஊற்றினாலும் கலவை லீன் பக்கம் சாயும். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5தான் சரி. பதினைந்து வருடமாக அருமையாக ஓடிய செட்டிங்கில் வண்டி இப்போது தயங்குகிறது, வெடிக்கிறது என்றால் உங்கள் கை ராசி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் ரிச் பண்ணிக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கவேண்டும். கிளிப் கீழே வந்தால் நீடில் மேலே போகும், அதுதான் ரிச், இதிலும் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் வாரக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டியில் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பிஎஸ் 6 வண்டிக்கு ஏர் ஸ்க்ரூ எங்கே என்று கேட்டு வந்த தம்பிக்கு: பெரும்பாலான பிஎஸ் 6 வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. நிம்மதியாகப் போ.

மலைக்குப் போகிறவர்கள் மேலே ஒன்றிரண்டு நாள் வண்டி மந்தமாக ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. ரிச் ஆனால் ப்ளக் கறுக்கும், துடைத்துக்கொள்ளலாம். கட்டாயம் திருகித்தான் ஆகவேண்டும் என்றால் எத்தனை சுற்று நகர்த்தினீர்கள் என்று வைத்துக்கொண்டு, இறங்கத் தொடங்கும் முன் மேலேயே பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். வண்டி கொஞ்ச தூரம் கரகரக்கும், பண்ணைக்காடு பிரிவு தாண்டினால் சரியாகிவிடும். நான் இப்போது ட்யூன் செய்கிற ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு அடியில் மார்க்கரால் அந்த எண்ணை எழுதிவிடுகிறேன். அந்த ஆர்எக்ஸ் 100 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வெள்ளிக்கிழமை போயிற்று, அதில் ஒன்றரை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.