மீன் வாயில் ஊசி ஏது? - 'வாய்வழித் தடுப்பூசி' என்ற சொல்லைப் பற்றி

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கையேடு கொடுத்தார்கள், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. அதில் ஒரு தலைப்பு, 'வைரஸ் நோய்க்கு எதிரான வாய்வழித் தடுப்பூசி'. என் பக்கத்தில் இருந்தவர் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் குட்டை வெட்டிக் கண்ணாடிக் கெண்டை விட்டிருப்பவர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, குஞ்சே இத்தனூண்டு. இது வாய்க்குள்ள எப்படிங்க ஊசி போடறது?" கட்டைவிரல் நகத்தைக் காட்டி அளவு சொன்னார். விளையாட்டாகக் கேட்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியபடி படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஊசியே இல்லாமல் தீவனத்தில் சேர்த்துக் கொடுக்கும் மருந்துக்குத்தான் இந்தப் பெயர். இந்தச் சொல்லைப் பல இடங்களில் பார்த்து, பொறுத்து, கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். அதிலிருந்து வந்தது 'வாக்சின்' என்ற ஆங்கிலச் சொல். எல்லா நோய்க்கும் அந்தப் பெயரே பொதுவாக இருக்கட்டும் என்று 1881-ல் லூயி பாஸ்டர் சொன்னார். தமிழில் முதலில் 'அம்மைப்பால்' என்றோம், 'அம்மை குத்துதல்' என்றோம். பிறகு வேறு நோய்களுக்கும் மருந்து வந்தது, எல்லாம் ஊசியில் வந்தது, 'தடுப்பூசி' பிறந்தது. தடுக்கும் ஊசி. வந்த காலத்துக்கு அருமையான சொல், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

குன்னூர்க்காரனான எனக்கு அந்த ஊசி நன்றாகத் தெரியும். இங்கே வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து தயாரித்த பாஸ்டர் நிறுவனம் 1907-ல் வந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்திய காலத்தில் வளர்ந்தவன் நான். ஆனால் அதே நிறுவனத்தில்தான் ஒரு காலத்தில் போலியோவுக்கு வாயில் விடும் மருந்தும் தயாரானது. அதற்கு மக்கள் என்ன பெயர் வைத்தார்கள்? 'சொட்டு மருந்து'. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த எந்தத் தாயும் "வாய்வழித் தடுப்பூசி போட வந்தேன்" என்று சொன்னதில்லை. "சொட்டு மருந்து ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். எந்த அகராதிக் குழுவும் கூடாமல் கிடைத்த சொல் அது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள், சரியாக அமைந்தது. அந்த வழி நமக்கு முன்னால் திறந்தே கிடக்கிறது.

'தடுப்பூசி'யே போதும் என்பவர்கள் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய், ஆனால் தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். யாராவது எள்ளைத் தேடுகிறார்களா? வாக்சினில் பசு மறைந்த மாதிரி தடுப்பூசியில் ஊசி மறையட்டுமே என்கிறார்கள். நான் இதைப் பல நாள் யோசித்தேன். எண்ணெய் என்று சொல்லும்போது எள் காதில் விழுவதில்லை, ஒலியிலேயே கரைந்துவிட்டது. தடுப்பூசியில் ஊசி முழுசாக நிற்கிறது. "ஊசி போட்டாச்சா?" என்று தினமும் கேட்கிற நாட்டில், கையில் சுருக்கென்று குத்துகிற பொருள் கண்முன்னே இருக்கும்போது, அந்தச் சொல் எப்படித் தன் ஊசியை மறக்கும்? பசுவை மறப்பது ஆங்கிலேயனுக்குச் சுலபம். அவன் பசுவை 'வாக்கா' என்று கூப்பிடுவதில்லை.

மீன் விஷயத்தில் இது வெறும் காதுக்கு உறுத்தலாக நிற்பதில்லை, பொருளே கெடுகிறது. மீனுக்குத் தடுப்பு கொடுக்க மூன்று வழி உண்டு. ஒன்று, மயக்கி எடுத்து வயிற்றுக்குள் ஊசியால் ஏற்றுவது. இன்னொன்று, மருந்து கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பது. மூன்றாவது, தீவனத்தில் சேர்த்துக் கொடுப்பது. ஊசி இந்த மூன்றில் ஒன்றின் பெயர். அதையே மூன்றுக்கும் பொதுப்பெயராக வைத்தால் முதல் வழியை 'ஊசித் தடுப்பூசி' என்றா எழுதுவது? ஒருவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார், நான் படித்தேன்.

தீவன வழிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும் வைரஸ் நோய் ஒன்று, கணையம் அழுகும் தொற்றுநோய். முதல் தீவனம் எடுக்கும் வயதில்தான் அது கடுமையாகத் தாக்கும். பிழைத்தவை வைரஸைச் சுமந்துகொண்டே திரியும். வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. அந்த வயதுக் குஞ்சை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்த முடியாது. ஊட்டிப் பக்கத்தில் நம் அவலாஞ்சியில் 1907-லேயே வில்சன் என்பவர் டிரவுட் பொரிப்பகம் அமைத்தார். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த அதே வருடம். அங்கே தொட்டியில் குஞ்சுகள் மொய்ப்பதைப் பார்த்த எவருக்கும் ஊசி ஏன் ஆகாது என்பது புரியும். டிரவுட்டுக்கு வாய் வழியே தடுப்பு கொடுக்கும் முயற்சியே பழசு. 1942-ல் டஃப் என்பவர் ஒரு பாக்டீரியா நோய்க்கு எதிராக அதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆனால் எளிதான வேலையும் இல்லை. டிரவுட்டின் இரைப்பை அமிலம் மருந்தைச் சிதைத்துவிடும். அதனால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்றவற்றால் பொதிந்து, குடலின் பின்பகுதிவரை கெடாமல் போய்ச்சேரும்படி செய்கிறார்கள். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, ஆகவே அங்கே அந்த அமிலத் தொல்லை இல்லை. எப்படியானாலும் ஊசியில் கிடைக்கும் காப்பைவிடத் தீவனத்தில் கிடைப்பது பொதுவாகக் குறைவு, சீக்கிரம் தேயும். முன்பே கொடுத்த தடுப்புக்கு வலுவூட்டவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, எந்தச் சொல்லை வைப்பது? நண்பர் ஒருவர் 'உண்தடுப்பூசி' என்றார். ஊசியை உண்ணச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொருவர் 'தடுப்பி' போதும் என்றார். வேதியியலில் வினையைத் தடுக்கும் பொருளுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. நான் சொல்வது 'தடுப்புமருந்து'. மருந்து என்றால் நோய் வந்தபின் கொடுப்பதுதானே என்று உடனே கேட்பார்கள். தமிழில் அப்படி இல்லை. குழந்தைக்கு உரைமருந்து எந்த நோய்க்குக் கொடுக்கிறோம்? பலகாரம் தின்னும் முன் தீபாவளி மருந்து ஏன் கிண்டுகிறோம்? வருமுன் கொடுப்பதையும் மருந்து என்றே நம் வீடுகள் சொல்லிவந்திருக்கின்றன. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று கொடுக்கும் வழியை வைத்தே பிரித்தது. அதே முறையில் ஊசித் தடுப்புமருந்து, முக்குத் தடுப்புமருந்து, தீவனத் தடுப்புமருந்து. பொருள் ஒன்று, வழி மூன்று. 'வாய்வழி' கூட மீனுக்கு வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து புகட்டுவது போலத் தோன்றுகிறது.

அந்தக் கையேட்டில் இது ஒன்றுதான் குறை என்றால் விட்டிருப்பேன். மருந்து கொடுப்பதை 'தடுப்பூசி நிர்வகிக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். 'அட்மினிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அலுவலக நிர்வாகம்தான் நினைவுக்கு வருமா? கொடு, போடு, புகட்டு, ஊற்று, முக்கு என்று எத்தனை வினை வைத்திருக்கிறோம்! தடுப்பு வேலை செய்கிறதா என்று கிருமியை ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு ஆங்கிலத்தில் 'சேலஞ்ச்' என்று பெயர், அதை அப்படியே 'சவால்' ஆக்கியிருக்கிறார்கள். மீன் யாருக்குச் சவால் விட்டது? மொழிபெயர்க்கிறவர் ஒரு தடவை குட்டைக் கரையில் நின்று, வளர்ப்பவர் என்ன சொல்லிப் பேசுகிறார் என்று கேட்டிருந்தால் இதில் பாதி வந்திருக்காது. படிப்பவர் மீனை நம்பிப் பிழைப்பவர். அவருக்குப் புரியாத தமிழை அச்சடித்துக் கொடுப்பதை நான் சின்னத் தப்பாக நினைக்கவில்லை.

அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த கெண்டை வளர்ப்பவரின் கையேட்டை வாங்கி, அந்தத் தலைப்பை அடித்து, பக்கத்தில் பேனாவால் 'தீவனத் தடுப்புமருந்து' என்று எழுதிக் கொடுத்தேன். வாயசைத்துப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்படீன்னா, பெருசுக முந்தித் தின்னுட்டு, சிறுசு தின்னாமக் கெடந்தா அதுக்குத் தடுப்பே கெடைக்காதுங்களே?"

தீவன வழியில் ஆராய்ச்சியாளர்களே இன்றும் திணறும் இடம் அது. எந்த மீன் எவ்வளவு தின்றது என்று குட்டையில் அளப்பது எளிதில்லை. பயிற்சி கொடுத்தவரிடம் அதையே எழுந்து நின்று கேட்கச் சொன்னேன். கேட்டார்.