ஒரு விரற்கடைச் சாய்வு

சென்ற கார்த்திகையில், வாடகைக்கு வந்த டிராக்டர் எங்கள் தென்னந்தோப்பில் புல் வெட்டி முடித்தபோது, தரை பாதி மழித்த தாடைபோல் கிடந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இடப்பக்கம் மண் தெரிய வழித்திருந்தது. வலப்பக்கம் அருகம்புல்லும் துத்தியும் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. இரண்டு இடங்களில் சொட்டுநீர்க் குழாய் அறுந்திருந்தது. ஓட்டுநர் அனுபவசாலி. மேடு வந்தபோதெல்லாம் கருவியை ஏற்றி இறக்கும் லீவரைத் தூக்கினார், பள்ளத்தில் இறக்கினார். அத்தனை கவனத்துக்கும் பலன் இல்லாமல் போனதேன் என்று இருவருமாகக் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வெட்டும் உயரத்தை அந்த ஒரு லீவரால் மட்டும் வைத்துவிட முடியாது என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

முதலில், இந்தக் கருவி எப்படி வெட்டுகிறது? அரிவாளால் அறுப்பவர் ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொள்கிறார். டிராக்டரின் பின்னால் ஓடும் சுழல் புல்வெட்டியில் பிடித்துக்கொள்ளக் கை இல்லை, கத்தரிக்கோலுக்கு உள்ளதுபோல் எதிர்க்கத்தியும் இல்லை. இரும்புக் கூட்டுக்குள் இரண்டு பிளேடுகள் தரைக்கு இணையாகச் சுழல்கின்றன, அவ்வளவுதான். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு தருவது நிமிடத்துக்கு 540 சுற்று. கியர் பெட்டி அதைக் கூட்டுகிறது. ஐந்தடிக் கருவியில் பிளேடு நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த அடியில் புல்லுக்கு வளைய நேரம் கிடைப்பதில்லை. அடியை வேர் பிடித்திருக்கிறது, மேல்பகுதி தன் நிலைமத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நடுவில் தாள் அறுபடுகிறது.

தாள் அடியில் விறைப்பானது; மேலே போகப் போக நெகிழ்ந்தது. அதனால் உயர்த்தி வெட்டும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கவே கூடாது. குறைத்தால் புல் அறுபடாமல் படுத்துக்கொள்ளும். டிராக்டர் கடந்ததும் எழுந்து நிற்கும்.

அப்படியானால் தாழ்த்தியே வெட்டிவிடலாமே என்று தோன்றும். புல்லின் வளர்முனை, கதிர் தள்ளும்வரை, மண்ணை ஒட்டியே இருக்கிறது. ஆடு மேய்ந்த புல் மறுபடி துளிர்ப்பது அதனால்தான். இலை முழுவதையும் வழித்தெடுத்தால் உணவு தயாரிக்க ஒன்றும் மிஞ்சாது, வேர் தளரும், மண் வெயிலில் காயும். தோப்புக்குப் புல் ஒரு போர்வை. அதைக் கட்டுக்குள் வைத்தால் போதும். கோரையை மழித்தும் பயனில்லை, அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பார்த்தீனியத்தைப் பொறுத்தவரை, பூக்கும் முன் வெட்டுவதுதான் முக்கியம். மட்டைத் துண்டும் கல்லும் கிடக்கும் எங்கள் தோப்புக்கு அரைச் சாண், அதாவது 10 முதல் 12 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது.

டிராக்டர் கருவியை மூன்று புள்ளிகளில் பிடிக்கிறது: கீழே இரண்டு கரங்கள், மேலே டாப் லிங்க் எனப்படும் ஓர் இணைப்புத் தண்டு. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய இந்த இணைப்பு 1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரால் பெருமளவில் பரவியது. கீழ்க் கரங்கள் கூட்டின் மூக்கைத் தாங்குகின்றன. பின்பக்கத்தைத் தாங்குவது, கருவியின் வாலில் இருக்கும் சிறு சக்கரம். கட்டிலின் தலைமாட்டுக்கு மட்டும் செங்கல் வைத்தால் கால்மாடு உயருமா? லீவரைத் தூக்கினால் மூக்குதான் ஏறும். வால் இருந்த இடத்திலேயே நிற்கும். எங்கள் ஓட்டுநர் உயர்த்திய ஒவ்வொரு முறையும் கருவி பின்னோக்கிச் சாய்ந்தது.

உண்மையில் வேண்டியது இதற்கு நேர் எதிரான சாய்வு. வாலைவிட மூக்கு ஒரு விரற்கடை, சுமார் 2 சென்டிமீட்டர், தாழ்ந்திருக்க வேண்டும். புல் முதலில் சந்திப்பது பிளேடு வட்டத்தின் முன்வளைவை. அங்கே அறுபட்ட தாளைத் தொடாமல் பின்வளைவு மேலே கடந்துபோகும். வால் தாழ்ந்திருந்தால் அறுபட்டதையே மறுபடி அறுக்கும், துண்டுகள் கூட்டுக்குள்ளேயே சுழலும், எஞ்சின் திணறும், டீசல் வீணாகும். சருகைப் பொடியாக்க விரும்புகிறவர்கள் சமமாக வைப்பதுண்டு. அதற்குக் கூடுதல் சக்தி செலவாகும்.

டாப் லிங்க்கை இறுக்கி வைப்பது பரவலான தவறு. கலப்பைக்கு அது சரி. புல்வெட்டியின் வால் சக்கரம் தரையைத் தொட்டபடி ஏறி இறங்க அதில் கொஞ்சம் தளர்வு வேண்டும். இறுக்கிவிட்டால் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கும்போது வால் அந்தரத்தில் தூக்கும். வரப்பில் ஏறும்போது மண்ணில் அழுந்தும். லீவர்களிலும் ஒரு கவனம் வேண்டும். உழவின்போது இழுவிசையை உணர்ந்து கலப்பையைத் தானாக ஏற்றி இறக்கும் லீவர் இதற்கு உதவாது. கரங்களை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சரி, எங்கள் தோப்பில் இடப்பக்கம் மட்டும் ஏன் வழித்தது? வலக்கரத்தைத் தூக்கும் தண்டின் நீளத்தைத் திருகி மாற்றலாம். சட்டிக் கலப்பையால் உழும்போது டிராக்டரின் வலச்சக்கரம் சாலுக்குள் ஓடும்; அதை ஈடுகட்ட அந்தத் தண்டைச் சுருக்கியிருந்தார்கள். பிறகு யாரும் அதைத் திருப்பவில்லை. சமதரையில் கருவி இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. குழாய்கள் அறுந்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

மறுநாள் டிராக்டரைச் சிமெண்ட் களத்தில் நிறுத்தினோம். இரண்டு பின் டயர்களிலும் காற்று ஒரே அளவா என்று பார்த்தோம். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பிளேடு சிறிது நேரம் சுற்றும். அது நிற்கும்வரை யாரும் அருகில் போகவில்லை. ஹைட்ராலிக்கை நம்பிக் கருவியின் அடியில் கை விடவே கூடாது. எண்ணெய் கசிந்தால் அத்தனை கனமும் இறங்கிவிடும். கூட்டுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் டேப்பை எடுத்தோம். பெரும்பாலான கருவிகளில் கூட்டின் கீழ் விளிம்பைவிடப் பிளேடு சற்று மேலே சுழலும். அந்த இடைவெளியை ஒருமுறை அளந்துகொண்டால் பிறகு விளிம்பை அளந்தாலே போதும். குறுக்கே ரசமட்டம் வைத்து வலத் தண்டைத் திருகினோம். வால் சக்கரத்தை இறக்கிப் பின்பக்கத்தை உயர்த்தினோம்.

வெட்டத் தொடங்கும் முன் கல் பொறுக்குவதை நான் விடுவதே இல்லை. பிளேடு நுனியின் வேகத்தில் தெறிக்கும் 50 கிராம் கல்லுக்கு, மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று அதிக ஆற்றல் இருக்கிறது. பிள்ளைகளைத் தோப்புக்கு வெளியே அனுப்பினோம்.

இருபது மீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு ஓட்டுநர் நிறுத்தினார். பிளேடு நின்றதும் குனிந்து, நின்ற தாள்களை அளந்தோம். இடப்பக்கம் 11 சென்டிமீட்டர், வலப்பக்கம் 12. சொட்டுநீர்க் குழாய் புல்லுக்கடியில் கீறல் இல்லாமல் கிடந்தது.