சார்ட்டட் லிஸ்ட்: வரிசைப்படுத்திய பட்டியலா, வரிசை காக்கும் பட்டியலா?

மேசைக்கணினி மென்பொருள் எழுதுகிறவர்கள் 'சார்ட்டட் லிஸ்ட்' (sorted list), 'சார்ட்டபிள் காலம்' (sortable column, தலைப்பைத் தட்டினால் அட்டவணையை அடுக்கித் தருவது) என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தமிழில் எழுதும்போது முதலாவதை 'வரிசைப்படுத்திய பட்டியல்' என்றும், இரண்டாவதை 'வரிசைப்படுத்தத்தக்க நெடுவரிசை' என்றும் போட்டுவிட்டுப் போகிறோம். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

'சார்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'சோர்ஸ்' என்றால் குலுக்கிப் போடும் சீட்டு. அதில் விழுந்த பங்கையும் விதியையும்கூட அப்படியே சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள் அது 'வகை' என்று ஆனது. பிறகு வகை பார்த்துப் பிரிக்கும் வினை ஆனது. ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ். ஊழியர்கள் 'சார்ட்டிங்' என்பது இந்தப் பழைய பொருளில்தான்: கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது. புளியங்குடி எலுமிச்சைக்கு நம்மிடம் 'தரம் பிரிப்பது' என்ற நல்ல சொல் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகு 'சார்ட்' பிரிப்பதை விட்டுவிட்டு, முன்பின்னாக அடுக்குவதைப் பிடித்துக்கொண்டது. அதனால் 'பிரிப்பு' இங்கே ஒட்டாது, 'வரிசை'தான் சரி.

'வரிசை'யை இங்கே வைத்துக்கொண்டால் 'காலம்' (column) என்பதை 'நெடுவரிசை' என்று சொல்ல முடியாது. 'நெடுவரிசையை வரிசைப்படுத்து' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்து அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்திருப்போம். குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். அந்த 'நிரல்' போதும். புரோகிராமையும் நிரல் என்கிறோமே என்றால், அது உண்மைதான். ஆனால் அட்டவணையைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது.

இன்னொன்று: நாம் நிரலை வரிசைப்படுத்துவதே இல்லை. நிரலைப் பார்த்து நிரைகளை வரிசைப்படுத்துகிறோம். நிரலை மட்டும் அடுக்கினால் ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் பாக்கி வந்து நிற்கும். ஆகவே 'நிரல்வழி வரிசை' என்பதே என் தேர்வு.

இப்போது பட்டியலுக்கு வருவோம். 'வரிசைப்படுத்திய' என்பது முடிந்துபோன வேலையைச் சொல்லும் பெயரெச்சம். ஜாவா மொழியில் திரைகளை எழுத உதவும் கருவித்தொகுப்பான ஜாவா எஃப்எக்ஸில் உள்ள சார்ட்டட் லிஸ்ட் அப்படிப்பட்டதல்ல. மூலப் பட்டியல் ஒன்று அடியில் இருக்கும். அதன் மேல் இது ஒரு கண்ணாடி மாதிரி. மூலத்தில் ஓர் ஆளைச் சேர்த்தால், இதில் அவர் தனக்குரிய இடத்தில் தானாக வந்து உட்காருவார். எப்போதோ அடுக்கிவைத்தது அல்ல இது, எப்போதும் வரிசையை விடாதது. அதனால்தான் 'வரிசை காக்கும் பட்டியல்' என்கிறேன்.

இந்தப் பட்டியலும் நிரலின் தலைப்பும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்கும். பாளையங்கோட்டையில் ஓர் உரக்கடை, அதற்கு ஒரு கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் பெயர், ஊர், பாக்கி என்று மூன்று நிரல். பாக்கித் தலைப்பைத் தட்டுகிறார் கடைக்காரர். அடுக்கவேண்டியது யார், அட்டவணையா பட்டியலா? ஜாவா எஃப்எக்ஸில் பட்டியல்தான் அடுக்கும். தலைப்பின் வேலை, எது முன் எது பின் என்ற ஒப்பீட்டு விதியைச் சொல்லி அனுப்புவது மட்டும். அந்த விதியைப் பட்டியலோடு பிணைக்க மறந்துவிட்டால், எத்தனை தட்டுத் தட்டினாலும் நிரைகள் நகராது. ஜாவாவின் பழைய திரைக் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் கதை வேறு. 2006இல் வந்த ஜாவா 6 முதல், அட்டவணையின் மேல் உட்காரும் 'ரோ சார்ட்டர்' (நிரைகளை அடுக்குவது) அடுக்குகிறது. தரவு அசையாமல் கிடக்கும். க்யூட் (Qt) என்ற இன்னொரு கருவித்தொகுப்பில் அதே வேலைக்கு, தரவுக்கும் அட்டவணைக்கும் இடையில் ஒரு 'பதிலி மாதிரி'யை (proxy model) வைக்கிறார்கள்.

ஆக, திரையில் ஒரு வரிசை, மூலத்தில் ஒரு வரிசை. திரையில் மூன்றாவதாக இருக்கும் வள்ளியூர்க்காரர் பாக்கியைத் தீர்த்துவிட்டார் என்று கடைக்காரர் 'நீக்கு' பொத்தானை அமுக்குகிறார். எழுதியவர் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் மூலத்தில் மூன்றாவதாக இருக்கும் சுரண்டைக்காரர் காணாமல் போவார், அவர் பாக்கியோடு சேர்த்து. திரை எண்ணை மூல எண்ணாக மாற்றும் வழி இந்த மூன்று கருவித்தொகுப்புகளிலும் உண்டு, கூப்பிடத்தான் மறந்துபோகிறது. இலக்கணத்தில் நிரல்நிறைப் பொருள்கோள் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. 'அன்பும் அறனும்' என்ற குறளில் பண்பு அன்புக்கும் பயன் அறத்துக்கும் போய்ச் சேரவேண்டும். மாற்றிச் சேர்த்தால் பொருள் கெடும்.

ஒப்பீட்டு விதியிலும் தமிழுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. ஊர்த் தலைப்பைத் தட்டினால் களக்காடு முன்னும் கழுகுமலை பின்னும் வரும். நம் அகரவரிசையில் ழகரம் கழித்துத்தானே ளகரம்? கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்களில் ள முந்தி, ழ பிந்தி. அதே கோளாறில் பனவடலிசத்திரம் பரப்பாடிக்கு முன்னால் ஏறிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே ன, ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வெறும் எழுத்து எண்ணை ஒப்பிடும் விதியை எடுத்துவிட்டு, ஐசியு (ICU) என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் ஒப்பீட்டு விதியைக் கொடுத்தால் இரண்டும் சரியாகிவிடும். தலைப்பையோ பட்டியலையோ தொடவே வேண்டாம்.

ஏறுவரிசை, இறங்குவரிசை என்ற சொற்கள் பள்ளிக்கூடத்திலேயே பழகியவை, அதில் தகராறு இல்லை. தலைப்பை முதல் முறை தட்டினால் ஏறுவரிசை, இரண்டாம் முறை இறங்குவரிசை. மூன்றாவது தட்டுக்குத்தான் பெயர் வேண்டும். ஸ்விங்கில் மூன்றாவது தட்டு மறுபடி ஏறுவரிசைக்கே போகும். ஜாவா எஃப்எக்ஸில் அது வரிசையையே எடுத்துவிடும்: பிணைத்த வரிசை காக்கும் பட்டியல் இருந்தால் நிரைகள் மூல வரிசைக்குத் திரும்பும், வெறும் பட்டியலைக் கொடுத்திருந்தால் தலைப்பு அந்த மூலத்தையே கலைத்து அடுக்கியிருக்கும், திரும்பிப் போக இடம் இருக்காது. அந்தத் தட்டுக்கு 'வரிசை நீக்கம்' என்று எழுதலாம்.