எலி வேறு, கறிக்கடைக் கறி வேறு

"காட்டுல பூனைக்கு யாரு டாக்டர் சமைச்சுப் போட்டா?"

பச்சைக்கறி வேண்டாம் என்று சொன்னால் உடனே திரும்பி வரும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாய் சோற்றில் சமாளித்துக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதுமான அளவு தயாரிக்காது. காரட்டிலிருந்து வைட்டமின் ஏ உண்டாக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. எல்லாம் இன்னொரு பிராணியின் உடலிலிருந்தே வந்தாக வேண்டும். தயிர்சாதத்திலேயே வளர்ந்ததாகச் சொல்லப்படும் கும்பகோணத்து அக்ரஹாரப் பூனைகளும், ராத்திரி கொல்லைப்பக்கம் போய் எலி, பல்லி என்று கணக்கைச் சரிக்கட்டியவைதான்.

ஆனால் தை அறுவடை முடிந்த வயலில் பூனை எலி பிடித்தால் எதைத் தின்கிறது? தலை, எலும்பு, ஈரல், இதயம், ரத்தம் எல்லாவற்றையும். நாம் கடையில் வாங்கிப் போடுவது எலும்பெடுத்த நெஞ்சுக்கறி. பச்சையாக இருப்பதாலேயே அது எலி ஆகிவிடாது.

இப்போது டெல்டாவின் சின்ன ஊர்களிலும் பெர்சியன் குட்டி வாங்குகிறார்கள். வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை. ஆசையாக மூன்று வேளையும் வெறும் கோழிக்கறி. சில வாரங்களில் நடை மாறும், தொட்டால் கத்தும். ஒருநாள் சோபாவிலிருந்து குதித்துக் கால் ஒடிந்தது என்று தூக்கி வருவார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்புக்கும் சதைக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. பூனை உணவில் சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரசும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு அதிகம். ரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட, உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கிவிடும். இடுப்பெலும்பு வளைந்து சுருங்கிவிட்டால் பிறகு ஆயுசு முழுக்க மலச்சிக்கல். நல்ல கறி போட்டு வளர்த்த குட்டிக்குத்தான் இந்தக் கதி என்பதை நம்பவைப்பது எனக்குப் பெரும்பாடு.

சரி, ஈரல் போடலாமே என்பார்கள். கொஞ்சம் போடலாம். தினமும் ஈரலே சாப்பாடு என்றால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூனை தன் முதுகை நக்கக்கூடத் திரும்ப முடியாது.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கறியைவிட மீன்தான் தொல்லை. மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் பூனைக்கென்று தனியாகவே வாங்குகிறார்கள். உள்ளே வந்தால் வாய்க்கால் கெண்டை. இந்த வகை மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வாரக்கணக்கில் பச்சை மீனையே தின்ற பூனை முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், அப்புறம் தள்ளாடும், தலை மார்பை நோக்கித் தொங்கிவிடும். "நாய் கடிச்சுக் கழுத்தை ஒடிச்சிருச்சு" என்றுதான் கொண்டு வருவார்கள். கடித்த காயம் எங்கும் இருக்காது. வலிப்பு வருவதற்குள் கண்டுபிடித்து பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தலை நிமிர்ந்துவிடும். தாமதமானால் பிழைப்பது கஷ்டம். இத்தனைக்கும் மருந்து அடுப்பிலேயே இருக்கிறது: மீனை வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகும். ஆனால் வேகவைத்தாலும் எண்ணெய் மீன் மட்டுமே தினசரி உணவாகக் கூடாது. வைட்டமின் ஈ குறைந்து, தோலடிக் கொழுப்பு வீங்கி, தடவினாலே சீறும் நிலைக்கு வரும். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவும் உப்பு.

இனி கிருமி. சால்மொனெல்லா உள்ள கறியைத் தின்ற பூனை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தை நக்கிய நாக்கால்தான் அது குழந்தையின் கையையும் நக்குகிறது. "மஞ்சத் தண்ணியில அலசிட்டுத்தான் டாக்டர் போடுறேன்" என்பார்கள். மஞ்சள் தண்ணீர் கறிக்குள் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. ஃப்ரீசரில் பல நாள் உறையவைத்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் சாகும், சால்மொனெல்லா சாகாது, தூங்கும். சித்திரை வெயிலில் கரண்ட் போய்க் கறி இளகினால் எழுந்துவிடும்.

பறவைக்காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. 2023இல் போலந்தில் பூனைகள் கொத்தாகச் செத்தபோது, சோதித்த கோழிக்கறி மாதிரி ஒன்றில் எச்5என்1 வைரஸ் இருந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வெளியே போகாத வீட்டுப்பூனை ஒன்று பச்சை வான்கோழித் தீவனம் தின்று அதே வைரஸால் இறந்தது. வைரஸ் வேகவைத்தால் சாகும்.

டாக்சோபிளாஸ்மா வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்ற பயத்தில், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதலில் பூனையைத்தான் சாக்கில் கட்டிக்கொண்டு போய் விடுகிறார்கள். தேவையில்லை. பூனைக்கு டாக்சோபிளாஸ்மா வருவதே பெரும்பாலும் பச்சைக்கறியாலும் வேட்டையாலும்தான். முதல்முறை தொற்றியபின் ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை மலத்தில் முட்டை போல வெளியேறும். அது பிறருக்குத் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே மண்தட்டை தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். அடுப்படியில் பச்சைக்கறி அரிந்த கையைக் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்குவது அதைவிட ஆபத்து.

பச்சைக்கறிப் பிரியர்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவது பாட்டெஞ்சர் என்ற மருத்துவரின் ஆய்வு. கலிபோர்னியாவில் 1932 முதல் பத்தாண்டுகள் நடந்தது. பச்சைக்கறி தின்ற பூனைகள் நன்றாக இருந்தன, வெந்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்கிறது. டாரின் குறைந்தால் பூனைக்குக் கண் கெடும் என்பது 1975இலும், இதயம் வீங்கும் என்பது 1987இலும்தான் தெரியவந்தது. கறியை வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். பாட்டெஞ்சரின் பூனைகள் நலிந்ததற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. நாம் செய்ய வேண்டியது சுலபம்: வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் கறியோடு சேர்த்து ஊற்றுங்கள்.

வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்பவர்கள் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி வாங்குங்கள், அதில் டாரின் அதிகம். கூடக் கொஞ்சம் கோழி இதயம், மிகக் கொஞ்சமாக ஈரல். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது; குழம்பில் கிடந்த கறியைக் கழுவிப் போடுவதும் கூடாது, வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். முட்டை ஓட்டை வேகவைத்து உலர்த்தி மாவாக அரைத்து, எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு 5 முதல் 6 கிராம் கலக்கலாம். வெந்த எலும்பைப் போட்டால் அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இவ்வளவு செய்தும் இது முழு உணவு ஆகிவிடாது, டாரினும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிக்கு இந்தச் சோதனையே வேண்டாம், குட்டிகளுக்கான தீவனம் கொடுங்கள்.

பச்சைக்குப் பழகிய பூனை வெந்ததை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதலில் வெளிப்பக்கம் மட்டும் வெளுக்கும்படி சுடுநீரில் காட்டி, நாளுக்கு நாள் வேக்காட்டைக் கூட்டி, வெதுவெதுப்பாக வையுங்கள். "பசிச்சா தானே திங்கும்" என்று பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு இறங்கி உயிருக்கே வினையாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.